நுரையீரல் கட்டிக்குள் இருக்கும் எதிர்ப்பு செல்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் இம்யூனோதெரபி, அதாவது உடம்பின் சொந்த எதிர்ப்பு செல்களை எழுப்பிப் புற்றுநோயைத் தாக்க வைக்கும் சிகிச்சை, பற்றி ஒரு கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்கள் பெரும்பாலும் நுரையீரல் புற்றுநோயைப் பற்றியவை. பலர் பயாப்ஸி ரிப்போர்ட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டுதான் எழுதியிருக்கிறார்கள் என்பது வரிக்கு வரி தெரிகிறது. அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே. நான் பேத்தாலஜிஸ்ட், கட்டியிலிருந்து எடுத்த திசுவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சொல்கிற ஆள். எந்த மருந்து என்று முடிவு செய்ய வேண்டியது உங்கள் புற்றுநோய் மருத்துவர். கட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதை என்னால் சொல்ல முடியும்.

கேள்வி: அப்பாவுக்கு நுரையீரலில் கட்டி. பயாப்ஸி ரிப்போர்ட்டில் "கட்டிக்குள் லிம்ஃபோசைட்டுகள் அதிகம்" என்று இருக்கிறது. உடம்பு எதிர்த்துப் போராடுகிறது, இம்யூனோதெரபி நிச்சயம் வேலை செய்யும் என்று சித்தப்பா அடித்துச் சொல்கிறார். நம்பலாமா டாக்டர்?

பதில்: சித்தப்பா சொல்வதில் உண்மை இருக்கிறது, "நிச்சயம்" என்பதை மட்டும் எடுத்துவிடுங்கள். லிம்ஃபோசைட் என்பது எதிர்ப்பு செல்களில் ஒரு வகை, டி செல், பி செல் எல்லாம் இதில் அடக்கம். எதிர்ப்பு செல்கள் நிறையப் புகுந்திருக்கும் கட்டிகள் இந்த மருந்துகளுக்கு அதிகம் மசிகின்றன, ஒன்றுமே புகாத கட்டிகள் குறைவாக மசிகின்றன. பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம் இது. ஆனால் எண்ணிக்கையை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது.

வழக்கமான சாயம் போட்ட ஸ்லைடில் லிம்ஃபோசைட் எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். கருநீலத்தில் ஒரு சின்ன வட்டம். சிவப்பணுவைவிடக் கொஞ்சம்தான் பெரிது, செல்லுக்குள் உட்கருவைத் தவிர வேறு எதுவும் இருப்பதாகவே தெரியாது. பக்கத்தில் இருக்கும் புற்று செல் அதைவிடப் பல மடங்கு பெரிதாக, உட்கரு கோணல்மாணலாக இருக்கும். நூறு கருநீல வட்டங்கள் இருந்தால் நூறும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். அதில் எது புற்று செல்லைக் கொல்லக்கூடிய சிடி8 டி செல், எது மற்ற செல்களை அடக்கி வைக்கும் ரெகுலேட்டரி டி செல், எது பி செல் என்று அந்தச் சாயத்தை வைத்து என்னால் சொல்லவே முடியாது. அதற்கு, குறிப்பிட்ட ஒரு புரதத்தில் மட்டும் போய் ஒட்டும் ஆன்டிபாடிகளைத் தனித்தனியாகப் போட்டு, ஒட்டிய இடம் பழுப்பாகத் தெரியும்படி செய்ய வேண்டும்.

அப்புறம், அவை எங்கே இருக்கின்றன என்பது. நுரையீரல் புற்று செல்கள் கூட்டம் கூட்டமாக வளரும், கூட்டங்களுக்கு நடுவே நார்த்திசு ஓடும். சில கட்டிகளில் சிடி8 செல்கள் அந்தக் கூட்டங்களுக்குள்ளேயே போய்ப் புற்று செல்லை ஒட்டி நிற்கும். சிலவற்றில் நார்த்திசுவிலேயே நின்றுவிடும், உள்ளே ஒன்றுகூட இருக்காது. இன்னும் சிலவற்றில் எங்கு தேடினாலும் கிடைக்காது. முதல் வகைக்குத்தான் மருந்து வேலை செய்யும் வாய்ப்பு அதிகம். இரண்டாவது வகையில் ரிப்போர்ட்டைப் படிப்பவர் ஏமாந்துவிடலாம், ஏனென்றால் அங்கேயும் லிம்ஃபோசைட்டுகள் அதிகம் என்றுதான் எழுதுவோம்.

இன்னொரு சிக்கலும் உண்டு, எனக்கு இதுதான் மிக முக்கியமாகப் படுகிறது. கட்டிக்குள் இருக்கிற எல்லா டி செல்லும் கட்டிக்காக வந்தவை இல்லை. நுரையீரல், பெருங்குடல் கட்டிகளில் இருந்து எடுத்த சிடி8 செல்களை ஆராய்ந்து 2018-ல் ஒரு ஆய்வு வந்தது. அவற்றில் பல, ஃப்ளூ, எப்ஸ்டீன்-பார், சைட்டோமெகலோ போன்ற வைரஸ்களை அடையாளம் காணும் செல்கள். என்றைக்கோ வந்துபோன தொற்றின் நினைவைச் சுமந்துகொண்டு திசுக்களில் சுற்றுபவை, கட்டிக்குள்ளும் வந்து தங்கியிருக்கின்றன. புற்று செல் பக்கத்திலேயே இருந்தாலும் இவற்றுக்கு அது கண்ணில் படாது. டி செல்லின் மேற்பரப்பில் சிடி39 என்ற புரதம் இருக்கிறதா என்று பார்த்தால் இரண்டு வகையையும் ஓரளவு பிரிக்க முடிகிறது. கட்டியை அறிந்த செல்களில் அது இருக்கும், வெறுமனே வந்து தங்கியவற்றில் இருக்காது. இது இன்னும் அன்றாடப் பரிசோதனையாக வரவில்லை. ஆகவே அப்பாவின் ரிப்போர்ட்டில் உள்ள அந்த வரியை நல்ல சேதியாக எடுத்துக்கொள்ளுங்கள், உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: எதிர்ப்பு செல் உள்ளேயே இருந்தும் கட்டி ஏன் வளர்கிறது? அப்படியானால் மருந்து என்னதான் செய்கிறது?

பதில்: டி செல்லின் மேற்பரப்பில் பிடி-1 என்று ஒரு புரதம் இருக்கிறது. ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் டசுகு ஹோன்ஜோவின் குழு 1992-ல் கண்டுபிடித்தது. வண்டிக்குப் பிரேக் போல, டி செல் அளவுக்கு மீறிப் போகாமல் நிறுத்துவது இதன் வேலை. புற்று செல்லும் அதைச் சுற்றியுள்ள சில செல்களும் பிடி-எல்1 என்ற இன்னொரு புரதத்தை நீட்டி அந்த பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொள்கின்றன. பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் போன்ற மருந்துகள் பிடி-1-உம் பிடி-எல்1-உம் சேராமல் தடுக்கின்றன. இதே போன்ற இன்னொரு தடையான சிடிஎல்ஏ-4 பற்றி ஆராய்ந்த ஜேம்ஸ் ஆலிசனுக்கும் ஹோன்ஜோவுக்கும் 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது.

பள்ளிப் பாடம் இத்தோடு முடிந்துவிடும், ஆனால் கட்டிக்குள் நடப்பது இவ்வளவு எளிதல்ல. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் புற்று செல்லோடு மல்லுக்கு நின்ற டி செல் ஓய்ந்துபோகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் ஓய்ந்த செல்லை பிடி-1 மருந்து கொடுத்தாலும் பழைய நிலைக்கு முழுதாகக் கொண்டுவர முடிவதில்லை. அப்படியானால் மருந்து யாரை எழுப்புகிறது? முழுதாக ஓய்ந்துபோகாமல், இன்னும் பெருகும் திறனோடு ஒரு சிறு கூட்டம் இருக்கும், டிசிஎஃப்1 என்ற புரதத்தை வைத்து அதை அடையாளம் காண்கிறோம். மருந்து பட்டதும் பெருகிப் புதுப் படையை அனுப்புவது இந்தக் கூட்டம்தான். இவை கட்டிக்குள் மட்டும் இல்லை, கட்டிக்கு அருகில் உள்ள நிணநீர் முடிச்சுகளிலும் இருக்கின்றன.

ஓய்ந்துபோன செல்லும் வீண் என்று நினைத்துவிடாதீர்கள். வைரஸுக்காக வந்து சும்மா தங்கியிருக்கும் செல் கட்டிக்குள் ஓயாது, அதற்கு அங்கே சண்டையே இல்லையே. பிடி-1 மிக அதிகமாக உள்ள, பார்வைக்கு ஓய்ந்துபோன சிடி8 செல்கள்தான் புற்று செல்லை நன்றாக அடையாளம் காண்கின்றன என்றும், அவை சிஎக்ஸ்சிஎல்13 என்ற வேதிப்பொருளைச் சுரந்து பி செல்களை அழைக்கின்றன என்றும், அப்படிப்பட்ட செல்கள் இருந்த நோயாளிகளுக்கு மருந்து நன்றாக வேலை செய்தது என்றும் 2018-ல் நுரையீரல் புற்றுநோயில் காட்டினார்கள். சிறிய ஆய்வுதான், ஆனாலும் அதைப் படித்த பிறகு கட்டிக்குள் இருக்கும் செல்களை நான் பார்க்கும் விதமே மாறியது.

கேள்வி: அம்மாவுக்கு பிடி-எல்1 பூஜ்யம் என்று வந்திருக்கிறது. எங்களுக்குத் தெரிந்த ஒருவருக்கு 80 சதவீதம் இருந்தும் மருந்து கேட்கவில்லை. அப்படியென்றால் அந்தப் பரிசோதனைக்கு என்ன மதிப்பு? பூஜ்யம் என்றால் இம்யூனோதெரபி கிடையாதா?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. இந்தப் பரிசோதனைக்கு மதிப்பு உண்டு, ஆனால் எல்லோரும் அதற்குக் கொடுக்கும் அளவுக்கு இல்லை.

சதவீதம் எப்படி வருகிறது என்று பாருங்கள். ஸ்லைடில் குறைந்தது 100 புற்று செல்களாவது இருக்க வேண்டும். அவற்றில் எத்தனை செல்லின் ஓரத்தில், லேசாகவோ அழுத்தமாகவோ, பழுப்புக் கோடு தெரிகிறது என்று கண்ணால் பார்த்து மதிப்பிடுகிறோம். ஊசியில் எடுத்த நூல் மாதிரியான திசுத் துண்டு அது. அந்த இடத்தில் பூஜ்யமாக இருந்து, அதே கட்டியில் இரண்டு சென்டிமீட்டர் தள்ளி 40 சதவீதமாக இருக்கவும் கூடும். இன்னொன்று, பிடி-எல்1 ஏன் அதிகமாகிறது என்பதற்குக் குறைந்தது இரண்டு காரணங்கள் உண்டு. டி செல்கள் தாக்கும்போது இன்டர்ஃபெரான்-காமா என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்கும், அதற்குப் பதிலாகப் புற்று செல் பிடி-எல்1-ஐ ஏற்றிக்கொள்ளும். அப்படியானால் அந்தச் சதவீதம் உள்ளே நடக்கும் சண்டையின் அடையாளம், மருந்துக்கும் வேலை இருக்கிறது. சில கட்டிகளிலோ டி செல்லே இல்லாமல், புற்று செல்லின் மரபணுக் கோளாறால் தானாகவே பிடி-எல்1 ஏறியிருக்கும். அங்கே தடையை நீக்கி யாரை எழுப்புவது? ஸ்லைடில் இரண்டும் ஒரே பழுப்பு. உங்களுக்குத் தெரிந்தவருக்கு என்ன நடந்தது என்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது, ஆனால் 80 சதவீதம் இருந்தும் மருந்து கேட்காமல் போக இது ஒரு வழி.

எண்களையும் பார்த்துவிடலாம். பிடி-எல்1 50 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவர்களை மட்டும் சேர்த்து நடந்த கீநோட்-024 ட்ரையலில், பெம்ப்ரோலிசுமாப் பெற்றவர்களில் 45 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கியது, கீமோ பெற்றவர்களில் 28 சதவீதம். 5 ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் 32 சதவீதமும் 16 சதவீதமும். பெரிய முன்னேற்றம், மறுக்கவே முடியாது. ஆனாலும் பரிசோதனை பார்த்துப் பொறுக்கி எடுத்தவர்களிலேயே பாதிப் பேருக்கு மேல் கட்டி சுருங்கவில்லை.

அம்மா விஷயத்துக்கு வருவோம். பூஜ்யம் என்றால் கதவு மூடிவிட்டது என்று அர்த்தம் இல்லை. கீமோவையும் பெம்ப்ரோலிசுமாப்பையும் சேர்த்துக் கொடுத்த கீநோட்-189 ட்ரையலில் ஓராண்டு முடிவில் 69 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், கீமோ மட்டும் பெற்றவர்களில் 49 சதவீதம். பிடி-எல்1 1 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தவர்களுக்கும் அதில் பலன் தெரிந்தது. அதனால் மருத்துவரிடம் "தனியாக வேண்டாம் என்றால், கீமோவோடு சேர்த்துத் தரலாமா" என்று கேளுங்கள்.

கேள்வி: எனக்கு 38 வயது, சிகரெட்டைத் தொட்டதே இல்லை. இஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் மாற்றம் இருக்கிறது, அதைக் குறிவைக்கும் மாத்திரை போதும் என்கிறார்கள். இம்யூனோதெரபிதான் நவீனமானது, எனக்கு ஏன் தர மாட்டேன் என்கிறார்கள்?

பதில்: உங்கள் மருத்துவர் சரியாகத்தான் சொல்கிறார், தயவுசெய்து அந்த மாத்திரையைத் தள்ளிப்போடாதீர்கள். 551 நோயாளிகளின் பதிவுகளைத் திரட்டிய இம்யூனோடார்கெட் ஆய்வில், இஜிஎஃப்ஆர் மாற்றம் உள்ளவர்களில் 12 சதவீதம் பேருக்குத்தான் இம்யூனோதெரபியால் கட்டி சுருங்கியது, ஏஎல்கே என்ற மரபணுவில் மாற்றம் உள்ளவர்களில் ஒருவருக்குக்கூட இல்லை. கேராஸ் என்ற இன்னொரு மரபணுவில் மாற்றம் உள்ளவர்களில் 26 சதவீதம்.

காரணம் கட்டிக்குள்தான் இருக்கிறது. புகையால் வந்த கட்டியில் டிஎன்ஏ ஆயிரக்கணக்கான இடங்களில் சிதைந்திருக்கும், அதனால் உடம்புக்கு அந்நியமாகத் தெரியும் புரதத் துண்டுகள் அதில் நிறைய, டி செல்கள் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைக்கும். மாற்றங்கள் அதிகமுள்ள நுரையீரல் கட்டிகளில் பெம்ப்ரோலிசுமாப் நன்றாக வேலை செய்வதை 2015-லேயே காட்டிவிட்டார்கள். இஜிஎஃப்ஆர் கட்டி ஒரே ஒரு பலமான கோளாறால் ஓடுவது, மற்ற மாற்றங்கள் குறைவு. ஸ்லைடில் பார்த்தாலும் இவற்றில் சிடி8 செல்கள் பெரும்பாலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. முதலில் இம்யூனோதெரபி எடுத்துவிட்டு அடுத்த சில மாதங்களுக்குள் ஓசிமெர்டினிப் என்ற இஜிஎஃப்ஆர் மாத்திரையைத் தொடங்கியவர்களில் சிலருக்குக் கடுமையான நுரையீரல் அழற்சி வந்திருக்கிறது. மாத்திரை முதலில், மற்றது பிறகு என்ற வரிசைக்கு இவ்வளவு அர்த்தம் இருக்கிறது. இந்தக் கடிதத்தைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன், மரபணுப் பரிசோதனை முடிவு வருவதற்கு முன் இம்யூனோதெரபியைத் தொடங்க அவசரப்படுத்தாதீர்கள்.

கேள்வி: நான் நுண்ணுயிரியல் மாணவி. எல்லோரும் டி செல் பற்றியே பேசுகிறார்கள். பி செல்லுக்கு இதில் பங்கே இல்லையா?

பதில்: இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். பங்கு இருக்கிறது, நாம் ரொம்ப நாள் கவனிக்காமல் விட்ட பங்கு.

சில நுரையீரல் கட்டிகளின் ஓரத்தில், சின்ன லென்ஸிலேயே, அடர்நீலத்தில் உருண்டையாக ஒரு திரள் தெரியும். பெரிய லென்ஸுக்கு மாற்றினால் நடுவில் கொஞ்சம் வெளிறிய வட்டம், அதற்குள் பிரிந்துகொண்டிருக்கும் பி செல்கள், சுற்றிலும் டி செல்கள். நிணநீர் முடிச்சுக்குள் பார்க்க வேண்டிய அமைப்பு, நுரையீரலில் கட்டிக்குப் பக்கத்திலேயே உருவாகியிருக்கும். டெர்ஷியரி லிம்ஃபாய்டு அமைப்பு என்று இதற்குப் பெயர். ஆரம்பகட்ட நுரையீரல் புற்றுநோயில் இது உள்ளவர்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள் என்று 2008-ல் பிரான்ஸில் காட்டினார்கள். 2020-ல் ஒரே சமயத்தில் மூன்று ஆய்வுகள், மெலனோமா என்ற தோல் புற்றுநோயிலும், தசை, கொழுப்பு போன்ற திசுக்களில் வரும் சர்கோமாவிலும் இந்த அமைப்பும் பி செல்லும் இம்யூனோதெரபி பலனோடு சேர்ந்தே வருகின்றன என்றன. பிறகு 2022-ல், பிடி-எல்1-ஐத் தடுக்கும் அட்டிஸோலிசுமாப் மருந்தைக் கொடுத்த ஓக், போப்லர் ட்ரையல்களின் நுரையீரல் கட்டிகளை ஆராய்ந்தபோது, பி செல்லில் இருந்து வரும் பிளாஸ்மா செல்கள் அதிகம் இருந்தவர்கள் அந்த மருந்தில் நீண்ட நாள் வாழ்ந்தார்கள். அதே ட்ரையல்களில் கீமோ பெற்றவர்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை.

நான் இதைக் கண்ணால் பார்ப்பது அறுவை சிகிச்சைக்கு முன்பே இம்யூனோதெரபி கொடுத்தவர்களின் நுரையீரலில். செக்மேட்-816 ட்ரையலில் நிவோலுமாப்பும் கீமோவும் பெற்றவர்களில் 24 சதவீதம் பேருக்கு, வெட்டி எடுத்த நுரையீரலில் உயிருள்ள புற்று செல் ஒன்றுகூட இல்லை. கீமோ மட்டும் என்றால் 2.2 சதவீதம். அப்படியொரு ஸ்லைடில் கட்டி இருந்த இடம் காலியாக இருக்காது. கொழுப்பை விழுங்கி நுரை மாதிரி வெளுத்துப்போன மேக்ரோபேஜ்கள் (கழிவை விழுங்கும் எதிர்ப்பு செல்கள்), கரைந்துபோன கொலஸ்ட்ரால் படிகங்கள் விட்டுச்சென்ற ஊசி மாதிரி வெள்ளைக் கீறல்கள், புதிய நார்த்திசு, நடுநடுவே மேலே சொன்ன பி செல் திரள்கள். ஒரு துண்டு விடாமல், மணிக்கணக்காகப் புற்று செல்லைத் தேடிவிட்டு "இல்லை" என்று எழுதுவதைப் போல மனதுக்கு நிறைவான வேலை என் துறையில் வேறு இல்லை.

கேள்வி: கட்டிக்குள் இருக்கும் எல்லா எதிர்ப்பு செல்லும் நமக்கு நல்லதுதானா?

பதில்: இல்லை. ரெகுலேட்டரி டி செல்களை முன்பே சொன்னேன். நுரையீரல் கட்டியில் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளையணுக்கள் ஏராளம், அவை மிகுந்த இடங்களில் டி செல்கள் குறைவதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. மேக்ரோபேஜ்களோ இரண்டு பக்கமும் சாயக்கூடியவை. நுரையீரலில் கரித்துகளை விழுங்கிக் கறுத்துப்போய்க் கிடக்கும் இவற்றைத் தினமும் பார்க்கிறேன், கட்டிக்குள் போனதும் இவற்றில் பல டி செல்லை அடக்கும் பக்கம் போய்விடுகின்றன.

எந்தச் செல் உள்ளே வருகிறது என்பதைப் புற்று செல்லின் மரபணுவும் தீர்மானிக்கிறது. கேராஸ் மாற்றத்தோடு எஸ்டிகே11 மரபணுவும் கெட்டிருக்கும் கட்டிகளில் டி செல்கள் அரிது. 2018-ல் வந்த ஆய்வின் ஒரு தொகுதியில், இப்படிப்பட்ட கட்டி உள்ளவர்களில் 7.4 சதவீதம் பேருக்குத்தான் பிடி-1 மருந்தால் கட்டி சுருங்கியது. கேராஸோடு டிபி53 என்ற மரபணு கெட்டிருந்தவர்களில் அது 35.7 சதவீதம்.

கேள்வி: எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் மாத்திரை, பொடி சாப்பிட்டால் இம்யூனோதெரபிக்கு உதவுமா? ஸ்டீராய்டு எடுத்தால் மருந்து கெட்டுவிடும் என்கிறார்களே?

பதில்: மாத்திரை, பொடி எதுவும் வேண்டாம். கட்டிக்குள் இருக்கும் குறிப்பிட்ட சில டி செல்களை எழுப்புகிற வேலை இது, பொதுவாக "சக்தியைக் கூட்டுவது" என்று விற்கிற எதற்கும் அங்கே போய்ச் சேரும் வழியே கிடையாது.

ஸ்டீராய்டு வேறு கதை. மருந்து தொடங்கும்போது தினம் 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ பிரெட்னிசோன் எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பலன் குறைவாக இருந்தது உண்மை. ஆனால் அவர்களில் பலர் மூளைக்குப் பரவியதற்காக, மூச்சுத்திணறலுக்காக அதை எடுத்தவர்கள், நோயே முற்றியவர்கள். வேறு காரணத்துக்காக எடுத்தவர்களைப் பிரித்துப் பார்த்தபோது வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. மருந்தின் பக்கவிளைவாக நுரையீரலிலோ குடலிலோ அழற்சி வந்தால் அதற்கு ஸ்டீராய்டுதான் சிகிச்சை. பயந்துகொண்டு நீங்களாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

கேள்வி: கட்டிக்குள் இருக்கும் நல்ல டி செல்களை வெளியே எடுத்து, பெருக்கி, திரும்ப உடம்பில் ஏற்ற முடியாதா?

பதில்: முடிகிறது. டில் சிகிச்சை என்று பெயர், கட்டிக்குள் புகுந்த லிம்ஃபோசைட் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் டில். மெலனோமாவுக்கு அமெரிக்காவில் 2024 பிப்ரவரியில் அனுமதி கிடைத்தது. நுரையீரல் புற்றுநோயில், நிவோலுமாப் கைகொடுக்காத நோயாளிகளிடம் செய்த ஒரு சிறிய ட்ரையலின் முடிவு 2021-ல் வந்தது: மதிப்பிட முடிந்த 13 பேரில் 11 பேருக்குக் கட்டி ஓரளவாவது சுருங்கியது, இரண்டு பேருக்கு முழுதாக மறைந்து ஒன்றரை ஆண்டு கழித்தும் திரும்பி வரவில்லை. நிவோலுமாப்பால் எழுப்ப முடியாத செல்கள் வெளியே எடுத்து வளர்த்தபோது வேலை செய்திருக்கின்றன. ஆனால் செல்களை ஏற்றும் முன் கடும் கீமோவும், பிறகு டி செல்களைப் பெருகத் தூண்டும் இன்டர்லூக்கின்-2 மருந்தும் தாங்க வேண்டும், உடல்நிலை நன்றாக இருப்பவர்களுக்கே இது சாத்தியம்.

நுரையீரல் புற்றுநோய்க்கு இப்போதைக்கு இது ட்ரையல்களில்தான். சேர விருப்பம் இருந்தால் ஒன்றை மனதில் வையுங்கள். எங்கள் ஆய்வகத்தில் ஃபார்மலினில் போட்டு மெழுகில் பதித்து வைத்திருக்கும் திசு இதற்கு உதவாது, அதில் இருப்பவை இறந்த செல்கள். கட்டியை வெட்டி எடுத்த உடனே உயிரோடு கொண்டுபோக வேண்டும். ஆகவே அறுவை சிகிச்சைக்குத் தேதி குறிப்பதற்கு முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.